சாவியில்லாமல் எரிந்த பின்விளக்கு

“கொழுந்துக் கூடை தூக்கப் பொறந்தவ, பெட்டரி தூக்குவாளாக்கும்?”

ஹட்டனில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில், கராஜ் வாசலில் நின்றுகொண்டு மாரிமுத்து மாமா இப்படிக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. நான் அங்கே இல்லாதது போல, கராஜ்காரர் பாஸிடம் கேட்டார். மாமா எங்கள் தோட்டத்துக்காரர். மஸ்கெலியாவுக்கு மேலே, மேற்பிரிவு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர். அந்த மலையில் வாடகைக்கு ஹயர் ஓடும் ஒரே வாகனம் அவருடைய பழைய இங்கிலீஸ் வேகன்தான். அன்றைக்கு அதன் பெட்டரி இறங்கிப்போயிருந்தது. நான் பெட்டரியைக் கழற்றி, அமிலம் சட்டையில் படாமல் நிமிர்த்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜில் போட்டேன். திரும்பி வந்தபோது மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கராஜை விட்டு நான் போன மாதம் விலகினேன். முடி நரைத்து ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரிக் கட்டுரை எழுத எனக்கு வயதில்லை. ஆனால் நான் படித்த தொழிற்பயிற்சி நிலையத்தில் இப்போது மோட்டார் மின்வேலை படிக்கும் பெண்கள், தங்கள் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். “பழைய காருக்கு எல்.ஈ.டி. போட்டா பேய் பிடிக்கும்னு சொல்றாங்களே, நெசமா அக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா பெயரை எழுதுவார், அம்மா பெருவிரல் வைப்பார். உயர்தரம் முடித்த பிறகு, டீச்சர் வேலைக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கும் குணம் எனக்கு இல்லை. பயிற்சி நிலையத்தில் தையல் வகுப்புக்கு நீண்ட வரிசை நின்றது. மோட்டார் மின்வேலைக்கு வரிசையே இல்லை. அங்கே போய் நின்றேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சான்றிதழில் முதல் பெயரும் என்னுடையதுதான். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

வேலை என்றால் என்ன என்பதைப் பார்த்தது குணபால பாஸின் கராஜில். கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கம் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் கினிகத்தேனைச் சிங்களவர். ஹட்டனுக்கு வந்து நெடுங்காலம் ஆகியிருந்ததால், எங்கள் தமிழைத் தன் வசதிக்கு வளைத்துப் பேசுவார். என்னை “மிஸ்” என்று கூப்பிட்டார். அது மரியாதையா கிண்டலா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாகனம் வந்தால், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அந்தச் சுற்று முடியும்வரை சொந்தக்காரர் பேசக் கூடாது. பேசினால் திரும்பவும் முதலிலிருந்து சுற்றுவார். பிறகு, “சொல்லுங்க மாத்தயா, எங்க வலிக்குது?” என்பார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. எந்தக் கோளாறு என்றாலும் முதலில் எர்த் பார்க்க வேண்டும். அதாவது, கரண்ட் காரின் உடம்பு வழியாகப் பெட்டரிக்குத் திரும்பிப் போகிற பாதை. அந்த இடத்துத் துருவைச் சுரண்டி இரும்பு பளிச்சிடும்வரை விடமாட்டார். வயரை முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டுகிற வேலை அவரிடம் நடக்காது. ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். நாம் போட்ட இணைப்பை அவர் இரண்டு விரலால் ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் திட்டமாட்டார். அந்தத் துண்டை நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். அது திட்டைவிட மோசம். என் உள்ளங்கையில் அவர் வைத்த துண்டுகள் கொஞ்சம்தான்.

கரண்ட் பார்க்க அவர் மீட்டர் பாவிப்பதில்லை. ஒரு பழைய சிக்னல் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், முனையில் ஒரு ஊசி, ஒரு கிளிப். கிளிப்பை எர்த்தில் மாட்டி, ஊசியால் வயரைத் தொட்டால், கரண்ட் இருந்தால் பல்பு எரியும். “மீட்டர் கதை சொல்லும் மிஸ். பல்பு பொய் சொல்லாது,” என்பார். நான் என் சம்பளத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அதை அவர் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் போன பிறகுதான் எல்.ஈ.டி. பல்புகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கின. கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகிற வேன்காரர்கள் அட்டைப்பெட்டியில் கொண்டு வந்து, “இதப் போட்டுத் தாங்க” என்று நீட்டுவார்கள். பாஸுக்கு அவை பிடிக்கவில்லை. “இது பல்பு இல்ல, கண்ணு முழி,” என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அதனால் அந்த வேலை முழுவதும் என் வேலையானது.

பழைய பல்பில் எந்த வயர் எந்தப் பக்கம் போனாலும் எரியும். எல்.ஈ.டி. அப்படியில்லை. பிளஸ் மைனஸ் மாறினால் செத்த மாதிரி இருக்கும். பழைய இங்கிலீஸ் கார்கள் சிலவற்றில் காரின் உடம்பே பிளஸ். அதை முதலில் பார்க்காமல் பல்பைக் குறை சொல்லக் கூடாது. சிக்னல் லைட்டை டிக் டிக் என்று வெட்டவைக்கும் பழைய பிளாஷர், பல்பு இழுக்கிற கரண்டில் சூடாகித்தான் வேலை செய்யும். எல்.ஈ.டி. அவ்வளவு கரண்ட் இழுக்காது. அதனால் சிக்னல் வெட்டாமல் முழித்துக்கொண்டு நிற்கும். புது மாதிரி பிளாஷர் போட வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. போட்டால் ரோஸ் நிறத்தில் சோகை பிடித்த மாதிரித் தெரியும். சிவப்புக்குச் சிவப்பே போட வேண்டும். முன் லைட்டை மட்டும் நான் மாற்றிக் கொடுக்கவில்லை. வெள்ளை வெளிச்சம் பனிமூட்டத்தில் பட்டால் சுவர் மாதிரி முகத்துக்கே திரும்பி வரும். எங்கள் ரோட்டில் மஞ்சள்தான் உயிர்.

மாரிமுத்து மாமா தன் வேகனைக் கொண்டுவந்தது ஒரு மழைக்காலத்தில். கினிகத்தேனைப் பக்கமிருந்து ஏறி வருகிற வளைவில், பனிமூட்டத்துக்குள் ஒரு பஸ் பின்னால் வந்து இடித்திருந்தது.

“லைட் போட்டுக்கிட்டுத்தான் போனேன் புள்ள. கண்ணு தெரியலயாய்யான்னு சத்தம் போட்டேன். அது லைட்டா, நான் பீடின்னுல்ல நெனச்சேன்ங்கிறான் அந்த டிரைவரு!”

பஸ் டிரைவர் சொன்னதில் தப்பில்லை. வேகனில் பழைய டைனமோ. மலையில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது அது பெட்டரிக்குக் கரண்ட் கொடுப்பதே இல்லை. எல்லா லைட்டும் போட்டுக்கொண்டு ஏறினால், பின்விளக்கு பீடிதான். எல்.ஈ.டி. அந்த வேகனுக்கு அலங்காரம் இல்லை, தேவை. நான் பின்னால் பிரேக் லைட், பார்க் லைட், நாலு மூலைச் சிக்னல் எல்லாவற்றையும் மாற்றினேன். எர்த் முழுவதையும் சுரண்டினேன். பாஸ் இணைப்புகளை இழுத்துப் பார்த்தார். எதுவும் கையோடு வரவில்லை. சாயந்திரம் மாமா டிக்கோயா ரோட்டில் அடுத்த வளைவு வரை போய்ப் பிரேக்கை மிதித்தார். பனிமூட்டத்துக்குள்ளேயும் இரண்டு சிவப்பும் துளைத்துக்கொண்டு தெரிந்தன. திரும்பி வந்து, “கொழுந்துக் கூடை வேணாம், ஒனக்கு இதுதான் சரி,” என்றார். அவ்வளவுதான் அவர் மன்னிப்பு.

அந்த வேகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது உயிருள்ளவர்களை மட்டும் ஏற்றிய வண்டி அல்ல. டிக்கோயா ஆஸ்பத்திரியில் எங்கள் மலைக்காரர் யாராவது இறந்தால், பின் சீட்டை மடக்கி, வெள்ளை போர்த்தி, அதில்தான் லயத்துக்குக் கொண்டுவருவார்கள். மாமாவின் மனைவி இலட்சுமி அத்தையும் அதில்தான் கடைசியாக வந்தார். அது நான் எல்.ஈ.டி. போடுவதற்கு முன்பு.

பேச்சு எங்கள் அம்மா வழியாகத்தான் முதலில் என் காதுக்கு வந்தது. தோட்டத்தில் கோயிலுக்குக் கீழே நிறுத்தியிருக்கும் மாமாவின் வேகனில், சாவி அவர் மடியில் இருக்கும்போதே, பின்விளக்கு எரிகிறதாம். வெயில் நாளில் இல்லை. மலைக்குக் கீழே இருக்கிற நீர்த்தேக்கத்திலிருந்து மூட்டம் ஏறி வரும்போதுதான். அதுவும் ஒரு சாவுக்குப் போய் வந்த பிறகுதான் கூடுதலாம். இடது கண் பெரிதாக எரிந்தால் ஏறியிருப்பது பெண், வலது கண் என்றால் ஆண் என்று கணக்குப் பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் மாமாவைப் பார்த்தால் பெடியன்கள், “என்ன மாமா, வண்டியில சீட்டு இருக்கா, இல்ல ஃபுல்லா?” என்று கேட்டார்களாம். ஹயர் குறைந்தது. காய்ச்சல்காரனைக்கூட முதுகில் சுமந்து மெயின் ரோட்டுக்கு இறக்கினார்கள்.

மாமா வேகனைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு மத்தியானமே ஹட்டனில் மூட்டம் இறங்கிவிட்டது. சுவிட்சை மூடி, சாவியை உருவி, பாஸ் கையில் கொடுத்தார். பாஸ் சுற்றத் தொடங்கினார். முன்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் வந்து நின்றுவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன்.

இரண்டு பிரேக் லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. பிரகாசமாக இல்லை. சாம்பலுக்குள் இருக்கும் கங்கு மாதிரி. இடது கொஞ்சம் கூட, வலது கொஞ்சம் குறைவு. ஒரே அளவாகவும் இல்லை. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, திரும்ப ஏறியது. தூங்குகிறவரின் நெஞ்சை நீங்கள் பார்த்திருந்தால், அந்த வேகம் தெரியும்.

பாஸ் தன் ஊசிப் பல்பை எடுத்தார். கிளிப்பை இரும்பில் மாட்டினார். ஊசியால் பிரேக் லைட் வயரைத் தொட்டார்.

அவருடைய பல்பு எரியவில்லை. அதுமட்டுமல்ல, வேகனின் இரண்டு சிவப்பும் அணைந்துபோயின.

ஊசியை எடுத்தார். சிவப்பு மெல்ல வந்தது. தொட்டார். போயிற்று. எடுத்தார். வந்தது. யாரோ கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்து, ஆள் வந்தால் ஒளிந்து, ஆள் போனதும் திரும்ப எட்டிப் பார்க்கிற மாதிரி.

பாஸ் எழுந்து கைகளைத் துடைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

“மாத்தயா, நம்ம பல்பு எரியல்ல. அப்ப கரண்ட் இல்ல. கரண்ட் இல்லாம எரியிறது நம்ம வேல இல்ல.”

“அப்ப யாரு வேல பாஸ்?”

“அது எனக்குத் தெரியாது. கொண்டு போங்க.”

நான் என் பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். “எப்பா மிஸ்!” என்றார். வேண்டாம் என்று அவர் என்னைத் தடுத்தது அந்த ஒரு முறைதான். அவர் கடை, அவர் பேச்சு. நான் மீட்டரை உள்ளே வைத்தேன். மாமா வேகனை எடுத்துக்கொண்டு போனார். பிரேக் மிதிக்காமலேயே அந்தச் சிவப்பு கொஞ்ச தூரம் தெரிந்தது.

அந்த வாரம் அம்மா போனில் இன்னொரு செய்தி சொன்னார். மாமாவின் மகள் கோமதி தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். மாதம் நெருங்கிவிட்டது. கால் வீங்கியிருந்தது, தலை சுற்றியது. வலி எடுத்தால் தாமதிக்காமல் டிக்கோயாவுக்குக் கொண்டு போகவேண்டும் என்று தோட்டத்து மருத்துவச்சி சொல்லியிருந்தார். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போய்விட்டால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேகன் கோயிலுக்குக் கீழேயே நின்றது. ஆனால் மாமாவின் அக்கா அங்கம்மாப் பெரியம்மா கால் ஊன்றி நின்றார்: பொணம் கண் முழிச்சிக்கிட்டு இருக்கிற வண்டியில வயித்துப் புள்ளக்காரி ஏற மாட்டா. கோமதியும், “நடந்தே செத்தாலும் சாவேன், அதுல ஏற மாட்டேன்,” என்றாளாம்.

அந்தப் பல்புகளைப் போட்டது நான். எனக்குப் பின்னால் படிக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அந்த வேகன் பேசப்படும். அதைவிட, கோமதி என்னுடன் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஊசியையே யோசித்துக்கொண்டு வந்தேன். பாஸின் பல்பு எரிய நல்ல கரண்ட் வேண்டும். எல்.ஈ.டி. மங்கலாக எரியத் துளி போதும். துளி மட்டும் வந்துகொண்டிருந்தால்? பாஸ் தன் பல்பைத் தொடுத்ததும், அந்தத் துளி முழுவதும் அதன் கம்பி வழியாகவே ஓடிவிடும். கம்பி சிவக்கவும் போதாது, எல்.ஈ.டி.க்கும் மிச்சமில்லை. இரண்டும் இருட்டு. மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எனக்குப் பாதி பயம் போயிருந்தது. மீதிப் பாதி போகவில்லை. ஏனென்றால், துளி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது.

கோயிலுக்குக் கீழே வேகன் தனியாக நின்றது. வழக்கமாக அந்த இடத்தில் காயப்போடும் துணிகள்கூட இல்லை. நீர்த்தேக்கம் வற்றும் மாதங்களில் அங்கிருந்து பார்த்தால், தண்ணீருக்குள் போன பழைய கோயிலின் தலை தெரியும். அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. மூட்டம் தேயிலை நிரைகளுக்கு இடையில் ஆள் ஏறுவது போல ஏறி வந்தது. லயத்து வாசல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் இறங்கி வரவில்லை.

மூட்டம் வேகனைத் தொட்டது. இடது கண் முதலில் திறந்தது. பிறகு வலது.

மாமாவிடம் சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். முன்னால் போய், பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சின் வயரைக் கழற்றினேன். பின்னால் வந்து பார்த்தேன். இன்னும் எரிந்தது. முன்னாலிருந்து கரண்ட் வருகிற ஒரே பாதையை வெட்டிவிட்டேன். பின்னாலிருந்தே வருகிறது. உடல் கிடத்துகிற இடத்திலிருந்து.

பின்கதவைத் திறந்தேன். ஊதுபத்தி வாசமும், அதற்குக் கீழே வேறொரு வாசமும் வந்தது. உள்ளே ஏறி மண்டியிட்டேன். மழை இல்லை, ஆனால் ரப்பர் விரிப்பு ஈரமாக இருந்தது. அதைத் தூக்கினேன். இடப்பக்க மூலையில் ஒரு பழைய இணைப்புக் கட்டை. பின்னால் ஆள் ஏற்றும்போது வெளிச்சம் வேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் கூரை லைட் போட்டிருக்கிறார்கள். எந்நேரமும் கரண்ட் இருக்கும் அந்த வயரும், பிரேக் லைட் வயரும், அந்தக் கட்டையில் பக்கத்தில் பக்கத்தில். கட்டை முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அதன் மேல் மஞ்சள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

“அடி ஆத்தே, அத ஏண்டி நக்குற!” என்று மேலேயிருந்து அங்கம்மாப் பெரியம்மா கத்தினார்.

“உப்பு பெரியம்மா! இதுக்குள்ள யாரு உப்பு போட்டது?”

“யாரு போடுவா, நாந்தான். சாவு ஏறுன வண்டிய உப்பும் மஞ்சளும் கரைச்சி ஊத்திக் கழுவாம அப்படியே வீட்டு வாசலுக்கு விடச் சொல்றியா? படிச்ச புள்ளன்னா மொறை தெரியாதா?”

“எப்பவும் ஊத்துவீங்களா?”

“முந்தி ஒரு கொடம். இப்ப இந்தக் கண்ணு முழிக்கத் தொடங்கின பொறவு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஊத்துறேன். அப்படியும் அடங்குதா பாரு!”

நான் அந்த வேகனுக்குள் மண்டியிட்டபடியே சிரித்துவிட்டேன். கழுவக் கழுவ, உப்பு ஏறியிருக்கிறது. வெயிலில் காய்ந்து கிடக்கும் உப்பு, மூட்டம் பட்டதும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஒரு வயரிலிருந்து மற்ற வயருக்குப் பாதை போட்டிருக்கிறது. பழைய பல்பு இருந்த காலத்திலும் இது நடந்திருக்கும். அந்தத் துளியைக் காட்டுகிற கண் அப்போது வேகனுக்கு இல்லை. நான்தான் அந்தக் கண்ணை வைத்தேன். குறைந்த கரண்டில் இரண்டு எல்.ஈ.டி. ஒரே அளவாக எரியாது, அதனால் இடது வலது வித்தியாசம். எல்லாம் சரி. அந்த மூச்சு வாங்கல் மட்டும் ஏன் என்று எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. ஈரத் துளிகள் சேர்ந்து சேர்ந்து பிரிவதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுத முடியும்.

உப்பு ஊற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கவும் மாட்டார்கள், எனக்குச் சொல்லவும் மனமில்லை. எங்கள் ஆட்களை எங்கள் ஆட்கள் அப்படித்தான் வழியனுப்புகிறோம். வயர்தான் தண்ணீருக்கு வழிவிட வேண்டும். பெட்டரியைக் கழற்றினேன். சிவப்பு இரண்டும் போயின. அந்தக் கட்டையை இரண்டு பக்கமும் வயரோடு வெட்டி எடுத்தேன். புது வயர்களைப் பக்கச் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு ஏற்றி, இரண்டையும் தனித்தனியாகப் பற்றவைத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி டேப் சுற்றினேன். பாஸ் செய்கிற மாதிரியே இரண்டு விரலால் இழுத்தும் பார்த்தேன்.

மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

“இனி வராதா புள்ள?”

“வராது மாமா.”

“ஒருக்காலும்?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் விளக்கைப் பார்க்கவில்லை. வேகனின் உள்ளே, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் பயந்தாங்க. நான் அந்தா அந்தக் கல்லுல வந்து குந்திக்கிட்டு இருப்பேன், மூட்டம் எறங்குனா. எடது கண்ணு பெருசா எரியிறது பொம்பளைன்னாங்கல்ல. எலட்சுமி இதுலதான வந்தா. மக மாசமாயிருக்கா, அதான் வந்து காவல் நிக்கிறான்னு நெனச்சேன். நீ கழட்டிப்புடுவேன்னு பயந்துதான் ஒங்கிட்ட கொண்டாரவே நாள் போக்குனேன்.”

என்ன சொல்வது என்று தெரியாதபோது எனக்குக் கர்வம்தான் முந்திக்கொண்டு வரும். “சுவிட்ச் போடாம என் கையில ஒரு லைட் எரியக் கூடாது மாமா,” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கல்லில் உட்கார்ந்தார்.

ஆனால் லயத்துப் பெண்களுக்கு என் பேச்சுப் போதவில்லை. “சோதிச்சுப் பாக்கணும்,” என்றார் பெரியம்மா. நல்லது என்றேன். பிரேக் சுவிட்சின் வயரையும் பெட்டரியையும் திரும்ப மாட்டினேன். அவர் ஒரு குடம் உப்பு மஞ்சள் தண்ணீரைக் கரைத்து வந்து, வேகனின் பின்பக்கம் முழுவதும் ஊற்றினார். கோமதி வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டம் திரும்ப ஒரு முறை ஏறி வந்தது. கோயில் மறைந்தது, வேகன் மறைந்தது, வேகனின் பின்பக்கம் இருக்க வேண்டிய இடத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது. சிவப்பு வரவில்லை. மாமாவை உள்ளே ஏறிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். இரண்டும் பளீரென்று எரிந்தன. விட்டார், அணைந்தன.

யாரும் கைதட்டவில்லை. பெரியம்மா மெதுவாகக் கேட்டார்:

“சரிடி. இப்ப எரியல. அப்ப, எரிஞ்சது எறங்கி எங்க போயி நிக்குது?”

எல்லோரும் திரும்பித் தங்கள் வாசல்களைப் பார்த்தார்கள். நானும் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். கரண்ட், உப்பு, துளி என்று விளக்கினால் எடுபடாது என்று புரிந்தது. பைக்குள் கைவிட்டு, அந்தப் பச்சை பூத்த கட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

“இங்க இருக்கு. என்கிட்ட. நான் ஹட்டனுக்குக் கொண்டு போறேன்.”

பெண்கள் இரண்டு அடி பின்வாங்கினார்கள். கோமதி என்னைப் பார்த்தாள். ஒரு பெஞ்சில் இருந்த காலத்துப் பார்வை. “ஒனக்கு ஒண்ணும் ஆகாதாடி?” என்றாள்.

“என்ன ஆகும்? நான் பாடம் எடுத்துருவேன் அதுக்கு.”

அவள் சிரித்தாள். எழுந்து, இடுப்பில் கைவைத்தபடி இறங்கி வந்து, வேகனின் முன் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தாள். பெரியம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

சில நாட்களில் அவளுக்கு வலி எடுத்தது. மாமா அந்த வேகனில்தான் கொண்டு போனார். வழியெல்லாம் மூட்டம். பின்னால் ஒரு கொழுந்து லொறி வந்துகொண்டே இருந்ததாம், சிவப்பைப் பார்த்துப் பார்த்துத் தள்ளியே வந்ததாம். டிக்கோயாவில் பெண் குழந்தை. இரண்டு உயிரும் சுகம். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாட்டியின் பெயர்தான்.

பாஸிடம் கட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். உப்பை மோந்து பார்த்தார். “ஹரி மிஸ், சரி, கரண்ட்தான்,” என்று ஒத்துக்கொண்டார். பிறகு, “ஆனா அது கடைக்குள்ள வேணாம்,” என்றார். நான் விலகும்வரை அது ஒரு ஜாம் போத்தலுக்குள், ஜன்னலுக்கு வெளியே இருந்தது. யாரும் திருடவில்லை.

போன மாதம் மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ரோட்டோரமாக ஒரு அறை எடுத்து, என் பெயரில் வயரிங் கடை திறந்துவிட்டேன். கதவுக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே, அந்தக் கட்டையை உப்பும் பச்சையுமாக அப்படியே ஆணியடித்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பெட்டரி, மறுபக்கம் ஒரு சிவப்பு எல்.ஈ.டி. நடுவில் சுவிட்ச் கிடையாது. வெயிலில் அது செத்துக் கிடக்கும். நீர்த்தேக்கத்திலிருந்து மூட்டம் ஏறும்போது தானாகக் கண் திறக்கும். ரோடு தெரியாத நேரத்தில் டிரைவர்கள் அதைப் பார்த்துத்தான் கடையைக் கண்டுபிடிக்கிறார்கள். ‘பேய் லைட் கடை’ என்று பெயராகிவிட்டது. பலகையில் நான் எழுதிய பெயரை ஒருவரும் வாசிப்பதில்லை.

மூட்டமான சாயந்திரங்களில் மாரிமுத்து மாமா எதிர்ப்பக்கம் வேகனை நிறுத்துகிறார். இஞ்சினையும் தன் லைட்டுகளையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார், நானும் கூப்பிடுவதில்லை, கையில் இருக்கும் வேலையைப் பார்ப்பேன். போகும்போது பிரேக்கை ஒரு முறை மிதித்து விடுவார். இரண்டு சிவப்பும் பளீரென்று எரிந்து அணையும். கதவுக்கு மேலே என் சிவப்பு மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.